பெயர் வெட்டிய மாத்திரை அட்டை

அன்று காலை என் கணவர் டேனியல் ஆட்டோவின் பின்சீட்டைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சட்னியில் உப்பு கம்மி என்றார். உப்பு ஜாடியை எடுத்து வைத்தேன். அதற்குள் ஐயம்பேட்டை டிரிப்புக்கு ஆள் சேர்ந்திருக்கும் என்ற நினைப்பு வந்து, தோசையைத் தொடாமலே எழுந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து இரண்டு காகிதப் பொட்டலங்களை எடுத்தார். ஒன்றில் அரக்கு நிற மாத்திரை, இன்னொன்றில் மாம்பழ நிறம். இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கினார்.

ரெண்டையும் ஒண்ணாவா போடறது என்று கேட்டேன்.

"அரக்கு முதுவுக்கு, மாம்பழம் ஜொரத்துக்கு. ரெண்டும் வேற வேற கலரும்மா. பட்டுப்புடவைக் கடையில வேலை செய்றவ கேக்கற கேள்வியா இது?" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கிளப்பினார்.

காஞ்சிபுரத்தில் இந்தப் பதிலுக்கு எதிர்வாதம் கிடையாது. நான் காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை எடுத்துப் போடுகிறேன். அரக்கு கேட்டவருக்கு மாம்பழம் எடுத்துப் போட்டால் மேனேஜர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். எங்கள் ஊரில் கலர் மாறினால் பொருள் மாறிவிடும். மாத்திரைக்கும் அதே சட்டம்தான். மருந்துக் கடையில் யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "அந்த மயில்கழுத்து குடுங்க, நேத்து நல்லா கேட்டுது" என்பார்கள். கடைக்காரரும் முதுகுவலிக்கு ஒரு செட், காய்ச்சலுக்கு ஒரு செட் என்று நாலைந்து மாத்திரைகளைக் கத்தரித்துப் பொட்டலம் கட்டித் தருவார். செட் என்றால் செட். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது, பாயசத்தில் என்ன போட்டீர்கள் என்று கல்யாண வீட்டில் கேட்பது போல மரியாதைக் குறைவு.

டேனியலின் முதுகுவலி செட் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வாங்கியது. மாதக்கணக்கில் சாப்பிட்டுவந்தார். காய்ச்சல் செட் செவிலிமேட்டில், எங்கள் வீட்டுக்கு அருகே இருக்கும் கடையில் வாங்கியது. அந்த வாரம் முடிவதற்குள் அவர் கறுப்பாக வாந்தி எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டார்.

"அரக்கும் மாம்பழமும்" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மிச்சமிருந்த பொட்டலத்தைக் கொடுத்தேன். வெட்டிய அட்டைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்தின் பெயர் கத்தரியோடு போயிருந்தது. மிஞ்சியிருந்த ஒரே வாசகம், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்பது. வயிற்றில் ரத்தக் கசிவு, சிறுநீரகமும் செயலிழந்துகொண்டிருக்கிறது, எதனால் என்று தெரிந்தால் நல்லது என்றார். எனக்கும் தெரிந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். டேனியல் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு ஒருநாள் காஜா பாய் வீட்டுக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக் கடை அவருடையது. டேனியலுக்கு நல்ல சிநேகிதர். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, பையிலிருந்து இரண்டு முழு அட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். வெட்டாத அட்டையை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் பார்த்தேன்.

"அண்ணி, அரக்கு நான் குடுத்தது. மாம்பழம் செவிலிமேட்டுக் கடையில குடுத்தது. நான் போயி கேட்டுக்கினு வந்தேன். கம்பெனிதான் வேற. ரெண்டும் ஒரே மருந்து" என்றார்.

பெயரை விரலால் காட்டினார். டைக்ளோஃபெனாக். நான் வாய்விட்டுப் படித்தேன். வெறும் வயிற்றில், டபுளாக, அதுவும் மாதக்கணக்கில் சாப்பிட்ட உடம்பில் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். டாக்டர் சீட்டு இல்லாமல் நான் குடுத்திருக்கவே கூடாது என்றும் சொன்னார். கடைசியில், ஒரு தடவை பேரு தெரிஞ்சிருந்தா அவனே கேட்டிருப்பான் என்றார். அது உண்மை. டேனியல் சட்னிக்கே கேள்வி கேட்கிறவர்.

எனக்கு ஒன்று மட்டும் வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். மாத்திரையை வெட்டிக் கொடுக்கிறவர்கள் பொட்டலத்தின்மேல் அதன் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். பேனாவால் எழுதினால் போதும்.

இதை யாரிடம் கேட்பது என்று விசாரித்தபோது, அதற்கென்றே ஒரு அமைப்பு இருப்பது தெரிந்தது. காஞ்சி வட்டார மருந்துப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பேரவை. மருந்துக் கடை முதலாளிகளும் ஏஜெண்டுகளும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் அதில் உறுப்பினர்கள். வருடத்துக்கு ஒருமுறை விழிப்புணர்வு வாரம் கொண்டாடுவார்கள். விழிப்புணர்வு யாருக்கு, எதைப் பற்றி என்பது மட்டும் அவர்களுடைய விதிகளில் இல்லை. மற்றபடி வரவேற்பு வளைவின் உயரம் உட்பட எல்லாவற்றுக்கும் விதி இருந்தது.

பேரவைத் தலைவர் தேவேந்திரன் என்னை மிகுந்த மரியாதையோடு வரவேற்றார். செயற்குழு கூடியிருந்தது. என் கணவருக்காக ஏற்கெனவே இரங்கல் தீர்மானம் போட்டுவிட்டதாகச் சொல்லி வாசித்தும் காட்டினார்கள். ஒரு ஆட்டோ ஓட்டுநரின் மறைவுக்குப் பேரவை வருந்துகிறது என்று இருந்தது.

பெயர் விட்டுப்போயிருக்கிறது என்றேன்.

விடவில்லை, எடுத்திருக்கிறோம் என்றார் செயலாளர் இந்திராணி அம்மாள். ஆளின் பெயரைச் சொன்னால் எந்த ஸ்டாண்டு என்று தெரியும். ஸ்டாண்டு தெரிந்தால் எந்தக் கடை என்று தெரியும். கடை தெரிந்தால் எந்த மாத்திரை என்று தெரிந்துவிடும். அந்த ஒன்றுக்குத்தான் பேரவை இடம் கொடுப்பதில்லை. எந்த மருந்தின் பெயரையும் பேரவை மேடையில் உச்சரிக்கக் கூடாது என்பது முதல் விதி.

"கம்பெனி பேரு வாணாம் சார். மருந்து பேரு மட்டும் பொட்டலத்துல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். பெரிய விஷயம் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அம்மா, நல்லா யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கு ஜனங்க மாத்திரையைத் தெரியாம சாப்பிட்டுக்கினு இருக்காங்க. பேரு எழுதிக் குடுத்தா தெரிஞ்சே சாப்பிடுவாங்க. தெரிஞ்சு தப்பு பண்றது பெரிய குத்தம் இல்லையா? அந்தப் பாவத்துல ஜனங்களைத் தள்ளணுமா நாம?"

செயற்குழு கைதட்டியது. அந்தச் சமயம் போண்டாவும் காபியும் வந்தன. போண்டாவுக்குப் பின்னால் இன்னொரு தட்டு வந்தது. அதில் கலர் கலராக மாத்திரைகள் இருந்தன. நீண்ட நேரம் உட்கார்ந்து விழிப்புணர்வைப் பற்றி யோசிப்பதால் உறுப்பினர்களுக்கு இடுப்பு வலிக்குமாம். தலைவர் தட்டைத் துழாவி, மயில்கழுத்து தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். கிளிப்பச்சைதான் இருக்கிறது என்றார்கள். ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டார்.

இந்திராணி அம்மாள் என் பக்கம் குனிந்து அன்பாகப் பேசினார். "நம்ம பண்பாட்டுல பொம்பளைங்க வூட்டுக்காரர் பேரையே வாயால சொல்ல மாட்டோம். போயும் போயும் மாத்திரை பேரையா மேடையில சொல்லுவாங்க?"

"எங்க சபையில ஜெபத்துக்கே பேரு கேப்பாங்கம்மா. யாரோ ஒருத்தருக்கு முதுவு வலின்னு கர்த்தர் கிட்ட போயி சொல்ல முடியாது" என்றேன்.

அது மதம் சம்பந்தப்பட்டது என்று குறிப்பில் சேர்க்காமல் விட்டார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவர் ஒருவர் பேசினால் விழாவுக்கு உருக்கமாக இருக்கும் என்று அபிப்பிராயம் வந்தது. என் பேச்சை அவர்களே எழுதித் தருவதாகச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொண்டேன். மேடை அவர்களுடையது என்றாலும் வாய் என்னுடையதுதானே.

பேச்சு வந்தது. முதல் பிரதியில் டேனியல், ஒரு நபர் என்று இருந்தார். திருத்திய பிரதியில், சிலர் என்று ஆகியிருந்தார். சிலர் தங்கள் அலட்சியத்தால் மாத்திரைகளைத் தவறாக உட்கொண்டு குடும்பத்தைத் தவிக்கவிடுகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டும். அந்த இடத்தில், குரல் தழுதழுக்கலாம் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார்கள். அலட்சியம் என்ற சொல்லை நான் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு வலித்தால் மருந்துக் கடைக்குப் போய்க் கொடுத்ததைச் சாப்பிட்டவர் அலட்சியக்காரர். பெயரைக் கத்தரித்தவர்கள் பேரவை.

விழிப்புணர்வு வாரம் தொடங்கியது. முதல் நாள் விழிப்புணர்வு ரதம். தெர்மாகோலில் செய்த பெரிய மாத்திரை ஒன்றை வண்டியில் வைத்து ராஜ வீதிகளில் இழுத்து வருவது ஏற்பாடு. அதன் நிறத்தை முடிவு செய்யவே பல கூட்டங்கள் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். எந்த நிறம் பூசினாலும் ஏதோ ஒரு கம்பெனியைச் சுட்டிக்காட்டிவிடும். கடைசியில் நிறமே தெரியாதபடி மாத்திரையை மூடிவிடுவது என்று தீர்மானித்தார்கள். எங்கள் கடையிலிருந்து பட்டு போனது. அகல ஜரிகை வைத்த வெண்பட்டு. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மாலை சாத்தி, நாதஸ்வரம் முன்னே போக, பட்டு உடுத்திய மாத்திரை ராஜ வீதியில் அசைந்து வந்தது. இந்த ஊரில் பட்டு சுற்றிய ஒன்று வண்டியில் வந்தால் ஜனங்கள் விசாரிப்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். ஒரு அம்மாள் தேங்காய் உடைத்தார். இன்னொருவர் கற்பூரத்தோடு நெருங்க, தெர்மாகோல் என்று தொண்டர்கள் பதறித் தடுத்தார்கள். எந்தக் கோயில் சாமி என்று ஆந்திராவிலிருந்து வந்த பக்தர் ஒருவர் கேட்டதற்கு, பேர் சொல்லக் கூடாதுங்க என்று ஒரு தொண்டர் பதில் சொன்னார். அவர் இன்னும் பயபக்தியோடு கும்பிட்டுவிட்டுப் போனார்.

மக்களிடையே இவ்வளவு எழுச்சியைத் தாம் எதிர்பார்க்கவில்லை என்று தலைவர் அன்று பேட்டி கொடுத்தார்.

நிறைவு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் வாசலிலேயே ஒரு துணிப்பை கொடுத்தார்கள். உள்ளே ஒரு பேனா, பேரவைத் தலைவர் படம் போட்ட விசிறி, ஒரு காகிதப் பொட்டலம். பொட்டலத்தில் கிளிப்பச்சை மாத்திரைகள் இரண்டு. விழாவுக்கு ஆதரவு தந்த கம்பெனியின் அன்பளிப்பாம். அட்டைகள் எல்லோருக்கும் போதாததால் வெட்டிப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வெட்டியதில் பெயர் போய்விட்டது. பேரவையின் முதல் விதிக்கும் அது பொருத்தமாக அமைந்துவிட்டது.

பொன்னாடை போர்த்துவதில் பாதி விழா போனது. மேடையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொண்டார்கள். போர்த்தியவருக்குப் போர்த்தப்பட்டவர் போர்த்தினார். பிறகு தலைவர் பேசினார்.

"மருந்து என்பது நம்பிக்கை. நம்பிக்கைக்கு முகவரி எதற்கு? நம்முடைய தாத்தா காலத்தில் வைத்தியர் சூரணத்தை மடித்துக் கொடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்று எவனாவது கேட்டானா? கேட்காதவன் வாழ்ந்தான். அவன் எப்போது செத்தான் என்பது வேறு விஷயம். இன்று கேள்வி கேட்கிற வியாதி வந்திருக்கிறது. ஒவ்வொருவனும் கவுண்டரில் நின்று கேள்வி கேட்டால் பின்னால் நிற்கிறவனுடைய வலி என்ன ஆவது? எனவே கேளாமல் வாங்குவீர், கவனமாக உண்பீர் என்பதே பேரவையின் செய்தி."

கைதட்டல் எழுந்தது. எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லவில்லையே என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். பாதிக்கப்பட்ட ஒரு சகோதரி என்றார்கள். எனக்கும் பெயர் இல்லாமல் போய்விட்டது.

எழுதித் தந்த தாளை மைக்குக்குப் பக்கத்தில் மடித்து வைத்தேன்.

"என் பேரு கிரேஸ். என் வூட்டுக்காரர் பேரு டேனியல். ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ ஓட்டிக்கினு இருந்தாரு. அவரு அலட்சியமா சாவல. ஒரே மருந்தை ரெண்டு கலர்ல குடுத்தாங்க. ரெண்டுலயும் பேரை வெட்டிட்டுக் குடுத்தாங்க. அந்த மருந்து பேரு டைக்ளோஃபெனாக்."

மேடையில் நாற்காலிகள் நகர்ந்தன. கூட்டத்தில் பலர் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள். இந்திராணி அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். நான் விடவில்லை. அது கெட்ட மருந்து இல்லை என்றேன். டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள் வரைக்கும், சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் வலி போகும். தெரியாமல் இரண்டு இடத்தில் வாங்கிச் சேர்த்துப் போட்டால் குடலைத் தின்னும். வயிற்றுப் புண், பிரஷர், கிட்னி கோளாறு இருக்கிறவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. கேட்பதற்குப் பெயர் தெரிய வேண்டும் என்று சொல்லும்போது மைக் நின்றுபோனது.

நான் குரலை உயர்த்தினேன். புடவைக் கடையில் மூன்றாவது மாடியிலிருந்து கீழே கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

தலைவர் எழுந்து ஒலிபெருக்கிக்காரரிடம் சைகை காட்டினார். நன்றியுரையைத் தாண்டி நேராக நாட்டுப்பண் ஒலித்தது. எங்கள் ஊர் விழாக்களில் அதற்குப் பிறகு எதுவும் இல்லை. எல்லோரும் எழுந்தார்கள். நானும் கையைத் தொங்கவிட்டு விறைப்பாக நின்றேன். பாட்டுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையை முழுக்கக் கொடுத்தேன். தலைவர் ஓரக்கண்ணால் பார்த்துப் புன்னகைத்தார். பாட்டு முடிந்தது. ஜனங்கள் துணிப்பையை எடுத்தார்கள்.

"இன்னும் நான் முடிக்கல. உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார்கள். தலைவர் மறுபடியும் நாட்டுப்பண்ணைப் போடச் சொன்னார். அதற்கு மட்டும் ஒலிபெருக்கிக்காரர் மறுத்துவிட்டார். ஒரு விழாவுக்கு ஒரு தடவைதான் சார், விளையாட்டா என்று கேட்டார்.

டேனியலின் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற யேசுதாஸ் பின்வரிசையிலிருந்து எழுந்தார். அன்பளிப்புப் பொட்டலத்தைப் பிரித்துக் கிளிப்பச்சை மாத்திரையை உயரத் தூக்கிக் காட்டினார்.

"தலைவரே, இது இன்னா மாத்திரை?"

"அது ஒரு அடையாளம்பா" என்றார் தலைவர்.

"அடையாளத்தை சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?"

மண்டபம் சிரித்தது. தலைவர் பதிலுக்காகச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் தன் பொன்னாடையைப் பார்த்தார். அவர்களுக்கும் தெரியாது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தனை கூட்டங்களில் தட்டிலிருந்து எடுத்து விழுங்கியவர்கள் யாருக்கும் அதன் பெயர் தெரியாது.

நான் கூட்டத்துக்குள் தேடினேன். காஜா பாய் தூணருகே நின்றிருந்தார். பேரவையின் உறுப்பினர் அட்டை அவர் கழுத்தில் தொங்கியது.

"காஜா பாய், பேரு சொல்லுங்க" என்றேன்.

அவருக்கு அது லேசான காரியம் இல்லை. கடை வைத்திருக்கிறவருக்குப் பேரவையைப் பகைத்துக்கொண்டால் சரக்கு வருவது சிரமம். மேடையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் முன்னால் வந்து யேசுதாஸின் கையிலிருந்து மாத்திரையை வாங்கி, அதன்மேல் பொறித்திருந்ததை உற்றுப் பார்த்தார்.

"இதுவும் அதேதான். டைக்ளோஃபெனாக். பச்சைக் கலர் பூசிக்கினு வந்திருக்குது" என்றார். பிறகு மேடையைப் பார்த்து, "தலைவரே, நீங்க பிரஷர் மாத்திரை போடறவரு. இதைத் தொடாதீங்க" என்றும் சொன்னார்.

தலைவரின் கை வயிற்றுக்குப் போனது. அதற்குப் பிறகு யாரும் மேடையைக் கவனிக்கவில்லை. ஜனங்கள் சட்டைப் பையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் மணிபர்ஸிலிருந்தும் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு காஜா பாயைச் சூழ்ந்தார்கள். அரக்கு, மாம்பழம், கத்தரிப்பூ, வெங்காயச் சருகு என்று எல்லா நிறமும் இருந்தது. பெயர் மட்டும் ஒன்றிலும் இல்லை. சிலவற்றுக்கு அவராலும் சொல்ல முடியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றார். அவற்றை அங்கேயே குப்பையில் போடச் சொன்னார். ஒரு பெண் தயங்கி, நேற்று வாங்கியது, வலிக்கு நன்றாகக் கேட்டது என்றார். பேரு கேட்டுக்கினு வா, அப்புறம் போட்டுக்க என்றேன் நான்.

காஜா பாயைப் பேரவையிலிருந்து நீக்கினார்கள். சரக்கு தாமதமாகத்தான் வருகிறது. அவர் இப்போது செட் கட்டுவதில்லை. சீட்டு வேண்டியதற்குச் சீட்டு கேட்கிறார். வெட்டிக் கொடுத்தால் பொட்டலத்தில் பெயரையும் எழுதித் தருகிறார். கலர் சொன்னால் போதாதா, இதென்ன ஸ்கூலா என்று ஜனங்கள் ஆரம்பத்தில் சலித்துக்கொண்டார்கள். யேசுதாஸ் மட்டும் பெயரைச் சொல்லியே கேட்கிறார். உச்சரிப்பு வாய்க்கு வந்தபடி இருக்கும். பாய் அதைப் புரிந்துகொள்கிறார்.

செவிலிமேட்டுக் கடையில் இன்னும் கத்தரிதான். வேலை முடிந்து போகிறபோது அங்கே ஒரு ஓரமாக நின்று, மாத்திரை வாங்குகிறவர்களிடம் பேரு கேட்டு வாங்குங்க என்று சொல்கிறேன். கடைக்காரர் வியாபாரத்தைக் கெடுக்கிறேன் என்று ஒருநாள் கத்தினார். உன் வீட்டுக்காரர் செத்ததுக்கு நானா பொறுப்பு என்று கேட்டார். நான் பொறுப்பைக் கேட்கவில்லை, பேரைத்தான் கேட்கிறேன் என்றேன். மறுநாளும் போனேன்.

பேரவை அவசரமாகக் கூடி, நிறைவு விழாவில் எந்த மருந்தின் பெயரும் உச்சரிக்கப்படவில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. எனக்கு ஒரு கடிதமும் வந்தது. நான் மேடையில் சொன்னதாகச் சொல்லப்படும் பெயரைப் பற்றி, அந்தப் பெயரைக் குறிப்பிடாமல், எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டுமாம்.

விளக்கம் ஒரே வரிதான். எந்தக் கலரில் வந்தாலும் அந்த மருந்தின் பெயர் டைக்ளோஃபெனாக்.